விமானியில் கழித்துக்கொள்ளவும்

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் விமானி எடைக்கருவியில் ஏறி நிற்க வேண்டும். அதுதான் அந்தக் குழுவின் வழக்கம். வேறு இடங்களில் வரவேற்புரை வாசிப்பார்கள், மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். இங்கே குடும்பஸ்தரான ஒரு மனிதர் பூட்ஸையும் பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு கருவியில் ஏறுவார். முள் ஆடி அடங்கும்வரை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அவர் காலடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"மூச்சைப் பிடிக்காதீங்க, அதனால ஒண்ணும் குறையாது" என்பார் யாராவது.

விமானி மூச்சை விடுவார். அவமானமெல்லாம் ஆரம்பத்தில்தான் இருந்தது. இப்போது அலுப்பு மட்டுந்தான். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கொட்டகையில் நிற்கும் அந்த விமானத்தை ஒரே ஒரு தடவை மேலே ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, பத்திரமாக இறக்க வேண்டும். இந்த வருடக் கடைசியோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. அதற்கப்புறம் போர் விமானத்தின் பக்கத்திலேயே அவரை விட மாட்டார்கள்.

அந்த விமானம் உள்நாட்டிலேயே செய்தது. முழுப்பெயர் 'இலகு போர் விமானம்'. அதைப் பறக்கவிடலாமா, வாங்கலாமா, வாங்கினால் அதற்கு ஏதாவது வேலை இருக்குமா என்று ஆராய்வதற்குத்தான் இந்தக் குழு. குழு உட்கார்ந்தபோது விமானியின் தலை நிறைய முடி இருந்தது. அதன்பின் அவர் அந்த விமானத்தை ஓடுபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார், திருப்பி உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவ்வளவுதான். தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியதில்லை. எழும்ப அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்க விமானம் 'இலகு'வாக இருக்க வேண்டும். ஒரு எடையைக் குறித்து, அதற்கு மேல் போனால் இலகு அல்ல, நடுத்தரம் என்று எழுதி வைத்திருந்தார்கள். நடுத்தர விமானங்களுக்கு வேறு அலுவலகம். அது எதிர் வராந்தாவில்தான் இருந்தது. ஆனால் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிய ஏதோ ஒரு சண்டைக்கப்புறம் இந்த வராந்தாக்காரர்களும் அந்த வராந்தாக்காரர்களும் முகத்தைப் பார்த்துக்கொள்வதில்லை.

ஆகவே விமானம் இலகுவாகவே இருந்தாக வேண்டும். இருந்ததா? ஆரம்பத்தில் இருந்தது. அப்புறம் இப்போதைய தலைவர் வந்தார்.

தலைவருக்கு அலுவலகத்தில் 'இருக்கட்டும்' என்று பெயர். எந்தத் துறைக்காரர் வந்து எதைக் கேட்டாலும் மனுஷர் மறுக்க மாட்டார். தகவல் தொடர்பிலிருந்து வந்து, "ஒரு ரேடியோ வைக்கணும்யா" என்றார்கள். "இருக்கட்டும்." ராணுவத் தொடர்பிலிருந்து வந்து, "அவங்க ரேடியோவுல நாங்க பேச முடியாது, எங்களுக்குத் தனி ரேடியோ" என்றார்கள். "அதுவும் இருக்கட்டும்." ஏணிப் பிரிவு என்று ஒன்று இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. அவர்களும் வந்து மடக்கு ஏணி ஒன்றை உள்ளேயே வைத்துவிட்டுப் போனார்கள். குழுவுக்கு இதுவரை தலைமை தாங்கியவர்களின் பெயர் பொறித்த பித்தளைப் பலகை ஒன்று விமானி கால் நீட்டும் இடத்தில் பொருத்தப்பட்டது. பழைய தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி, பலகையும் அதற்கேற்ற நீளம்.

ஒரு நாள் வடிவமைப்பாளர் முகம் வெளிறிப்போய் வந்தார். இந்த விமானத்துக்காகவே தன் ஆயுசைக் கொடுத்தவர், பாவம்.

"ஐயா, எடை எல்லையைத் தாண்டிட்டோம். எதையாவது எடுத்தாகணும்."

"எடுங்க. எதை எடுக்கறீங்க?"

"ஒரு ரேடியோவை எடுக்கலாம்."

இரண்டு ரேடியோக்காரர்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். ஏணிக்காரர் தன் துறை எழுத்துபூர்வமாக எதிர்ப்புத் தெரிவிக்கும் என்றார். பித்தளைப் பலகையைப் பற்றி யாரும் வாயையே திறக்கவில்லை. தலைவரின் பெயர் அதில் அப்போதுதான் ஏறியிருந்தது. வடிவமைப்பாளர் தன் கையிலிருந்த கணக்கை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இங்க 'விமானி'ன்னு ஒண்ணு இருக்குதுங்கய்யா."

"அது எந்தத் துறை?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விமானி எந்தத் துறையிலும் இல்லை. அவருக்காக எழுந்து நிற்க யாரும் இல்லை. அவரே ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார், நாற்காலி போடாததால்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்ப சரி. விமானியில் கழித்துக்கொள்ளவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்கியம் பிறந்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் எது கூடினாலும் விமானியில் கழித்தார்கள்.

முதலில் மீசை போனது. பிறகு கனமான பூட்ஸ் போய்க் கான்வாஸ் ஷூ வந்தது. அப்புறம் காலைச் சாப்பாடு. வடிவமைப்பாளர் கூட்டம் முடிந்ததும் அவர் தோளில் கைபோட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, எல்லாம் நம்ம விமானத்துக்காகத்தான்" என்று கண்கலங்குவார். அந்தக் கண்ணீரைப் பார்த்தால் யாருக்குத்தான் இரண்டாவது கரண்டி சோறு இறங்கும்?

வீட்டில் மனைவி ஒரு வங்கியில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் கவுண்டரில் மற்றவர்களின் புலம்பலைக் கேட்டுவிட்டு வந்தால், இங்கே புலம்பக்கூடத் தெம்பில்லாத ஒருவர் சோபாவில் கிடப்பார்.

"உங்களைக் கட்டிக்கிட்டப்ப எப்படி இருந்தீங்க! இப்ப சட்டைக்குள்ள ஆள் எங்கன்னு தேட வேண்டியிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்தான். குறைஞ்சுட்டா பறந்துடலாம்."

"ஜன்னலைத் திறந்து வெச்சா இப்பவே பறந்துடுவீங்க. என் அண்ணனைப் பாருங்க. பயணிகள் விமானம் ஓட்டறார். தொப்பையும் தானுமா எவ்வளவு நிம்மதியா இருக்கார்! உங்களுக்கும் ஒரு வேலை சொல்றேன்னார். கேட்டீங்களா?"

"மச்சான் ஓட்டறது பஸ்ஸு" என்றார் விமானி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா, பஸ்ஸுதான். ஆனா அது மேல போகுதே!"

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். ஆசை என்று ஒன்று வந்துவிட்டால் மனுஷனுக்கு ரோஷம் எங்கே தங்குகிறது?

இதற்கிடையில் விமானத்தின் பொருத்தப்பாட்டைப் பற்றி ஒரு பெரிய விவாதம் நடந்தது. இந்தக் காலத்துக்கு இலகு போர் விமானம் தேவைதானா என்பது கேள்வி. கிளப்பியவர் கொள்முதல் அதிகாரி. எங்கே போனாலும் வெளிநாட்டு விமானங்களின் பளபளக்கும் கேட்லாக்கைக் கக்கத்தில் வைத்திருப்பார் என்பதால், அவர் பெயரே கேட்லாக் ஆகிவிட்டது.

"நான் ஒண்ணும் உள்நாட்டுக்கு எதிரி இல்லை" என்று ஆரம்பித்தார் கேட்லாக். "என் வீட்டு நாற்காலிகூட உள்நாடுதான். ஆனா பாருங்க, இந்த வெளிநாட்டு விமானம் ஏற்கெனவே பறந்துக்கிட்டிருக்கு."

"பறந்து பறந்து தேஞ்ச விமானம் அது" என்று சீறினார் வடிவமைப்பாளர். "நம்மளுது இத்தனை வருஷத்துல கொஞ்சமாவது தேஞ்சிருக்கா? போய்ப் பாருங்க, புத்தம் புதுசா இருக்கு!"

"இதை வரைய ஆரம்பிச்சப்ப இருந்த எதிரி இப்ப நமக்கு நண்பராயிட்டார். யார்மேல விடப்போறீங்க?"

"அப்ப நண்பரா இருந்தவர் இப்ப எதிரியாயிட்டாரே, அவர்மேல விடறோம்!"

"அவர்கிட்டதானேய்யா நான் விமானம் வாங்கச் சொல்றேன்!"

மேசையே கொஞ்ச நேரம் குழம்பிப்போனது. தலைவர் கையை உயர்த்தினார். அவர் பேசினால் எல்லோரும் பேனாவை மூடிவிடுவார்கள், எழுதுகிற மாதிரி எதுவும் வராது என்று தெரியும்.

"ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ரெண்டு நியாயமும் இருக்கட்டும். தேவையா இல்லையான்னு முடிவு பண்றது ஒரு நிமிஷ வேலைங்க. ஆனா பண்ணிட்டா, நாளைக்கு நாம எல்லாரும் எங்க போவோம்? இந்த விமானம் பொருத்தமானதான்னு நாம விவாதிச்சுக்கிட்டு இருக்கிறவரைக்கும் இது பொருத்தமானதுதான். பொருத்தமில்லாத ஒண்ணைப் பத்தி இவ்வளவு பெரிய ஆளுங்க இவ்வளவு காலம் பேசுவோமா? எதிரி நம்மளைப் பாத்து ஏன் பயப்படறான்? நாம என்ன முடிவெடுப்போம்னு அவனுக்குத் தெரியலை. நமக்கே தெரியலைங்கிறதுதான் நம்ம பலம்."

கைதட்டல் எழுந்தது. கருவியிலிருந்து இறங்கலாமா என்று கேட்கச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்த விமானியும் சேர்ந்து தட்டினார். தட்டியதில் முள் ஆடியது. "அசையாதீங்க!" என்று அதட்டல் வந்தது.

வருடக் கடைசி நெருங்கியது. முள் இறங்க மறுத்தது. எலும்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அப்போதுதான் கேட்லாக் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஆளை மாற்றிவிட்டால் என்ன? மறு வாரமே குதிரைப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சின்ன உருவம், வறண்ட முகம், மரியாதையான மனிதர். கருவியில் ஏறியதும் முள் விழுந்த இடத்தைப் பார்த்து மேசையே பெருமூச்சு விட்டது.

"உங்களுக்கு விமானம் ஓட்டத் தெரியுமா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாதுங்க."

"பரவாயில்லை, இவருக்கும் ஓட்டின அனுபவம் இல்லை" என்று விமானியைக் காட்டினார் தலைவர்.

விமானிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பசியா துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. வெளியே வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பந்தயக்காரரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க சார். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏங்க?"

"அந்த வாழ்க்கை போதும் சார். முப்பது வருஷம் பட்டினி கிடந்தேன். கம்பளியைச் சுத்திக்கிட்டு வெந்நீர்ல உட்காரணும், வேர்த்துக் கொட்டும். எடை போடறதுக்கு முந்தின நாளே தண்ணியை நிறுத்திடணும். அதையெல்லாம் வேணும்னா சொல்லித் தர்றேன்." அவர் விமானியின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்கக் கூடாது. நான் குதிரைக்காகப் பட்டினி கிடந்தேன். குதிரையாவது ஓடிச்சு. நீங்க எதுக்கு சார்?"

விமானி கம்பளி விஷயத்தை மட்டும் விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துத்தான் கருவியில் ஏற்றினார்கள். முள் ஆடியது, அடங்கியது. வடிவமைப்பாளர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், அப்படியே விமானியின் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினார். "இலகு! ஐயா, இலகு!"

விமானிக்கு அழுகை வந்தது. ஆனால் தண்ணீர் குடிக்காததால் கண்ணீர் வரவில்லை. வருடம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. போதும். ஒரு காலைப்பொழுது போதும்.

"பறக்கிறதுக்கு நாள் குறிச்சிடலாமாங்கய்யா?" என்று கேட்டார்.

"குறிச்சிடலாம். அதுக்கு முன்னால ஒரு சின்ன விஷயம்." தலைவர் கேட்லாக் பக்கம் திரும்பினார். "இவரையும் திருப்திப்படுத்தணும் இல்லையா? இத்தனை வருஷமா ஒண்ணைக்கூட வாங்காம ஒரு கொள்முதல் அதிகாரி எப்படி வீட்டுக்குப் போவார்? அதனால விமானம் உள்நாடே இருக்கட்டும். இருக்கை மட்டும் வெளிநாட்டுல வாங்கிடலாம்னு ஒரு சமரசம் பண்ணியிருக்கோம்."

கேட்லாக் பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். விமானத்துக்கு ஏதாவது ஆனால் விமானியைத் தூக்கி வெளியே எறிந்து, குடை விரித்து, பூப்போல இறக்கிவிடும் இருக்கை. உலகத்திலேயே இதுதான் முதல் தரம் என்றார். விமானியின் உயிர் விஷயத்தில் இந்தக் குழு ஒரு பைசாகூடக் கஞ்சத்தனம் பார்க்காது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார்.

"எடை?" என்று வடிவமைப்பாளர் மெல்லிய குரலில் கேட்டார்.

கேட்லாக் சொன்னார். வடிவமைப்பாளர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அந்த இருக்கை ஒன்றே விமானியைவிடக் கனம்.

தலைவரின் கை தானாகவே பேனாவைத் தேடியது. "அப்ப வழக்கம்போல விமானியில் கழித்துக்..."

"இருங்கய்யா, அதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார் கேட்லாக். "இந்த இருக்கையில உட்கார்ற ஆள் நல்லா கனமா இருக்கணுமாம். லேசான ஆளா இருந்தா தூக்கி எறியறப்ப கழுத்து முறிஞ்சிடும்னு போட்டிருக்கான்."

எல்லாக் கண்ணும் கருவியின் மேல் நின்றுகொண்டிருந்தவரை மேலும் கீழும் அளந்தன. எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறார்கள், இப்படி யாரும் பார்த்ததில்லை.

"அதாவது," என்று தலைவர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார், "விமானத்துக்கு இவர் கனம். இருக்கைக்கு இவர் லேசு."

"ஆமாங்கய்யா."

"பாத்தீங்களா! ரெண்டு குறையும் ஒரே ஆள்கிட்ட இருந்திருக்கு. இத்தனை காலம் நாம வீணா விமானத்தைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

விமானி கைகூப்பினார். "ஐயா, எனக்கு அந்த இருக்கை வேண்டாம். பழசே போதும். கழுத்து முறிஞ்சாலும் பரவாயில்லை. ஒரே ஒரு தடவை. ஒரு சுத்து. எனக்கு இந்த வாரத்தோட முடிஞ்சுடும்யா."

தலைவருக்கு உண்மையிலேயே மனம் இளகிவிட்டது. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க உயிரோட நாங்க விளையாட மாட்டோம் தம்பி. நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உள்நாட்டு இலகு போர் விமானம், வெளிநாட்டு இருக்கையோடு, முற்றிலும் பொருத்தமானது என்று கண்டறியப்பட்டது. விமானி முழுவதுமாகக் கழித்துக்கொள்ளப்பட்டார். நாற்பது விமானங்கள் வாங்க உடனே உத்தரவு. பழைய இருக்கையையும் விமானியையும் கழித்ததில் எல்லைக்குள் ஒரு சிறு எடை மிச்சம் இருந்ததாம். ஏணிப் பிரிவு அதை இன்னொரு ஏணிக்குக் கேட்டது. இருக்கட்டும் என்றார் தலைவர். விமானி தேவையா, தேவையென்றால் உள்நாட்டு விமானியா வெளிநாட்டு விமானியா என்று ஆராய இன்னொரு குழு அமைக்கலாம் என்றும் முடிவாயிற்று. கேட்லாக்கிடம் அதற்கும் ஒரு கேட்லாக் இருந்தது.

விமானி பெல்ட்டைக் கட்டிக்கொண்டார். அது நிற்கவில்லை. கையில் சுருட்டிக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"என்னங்க, இல்லைன்னுட்டாங்களா?"

"வாங்கறாங்க. நாப்பது வாங்கறாங்க."

"அப்ப நீங்க?"

"நான் இல்லாமதான் சரியா வருதாம்."

அவள் உள்ளே போய்ச் சாதத்தைச் சூடாக்கி, குழம்பு ஊற்றி, தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் முதல் கவளத்தை எடுத்தார். அதற்குள் அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "ஒரு தடவைடி. ஒரே ஒரு தடவை மேல போயிருந்தா இத்தனை வருஷமும் எனக்குச் சரியாப் போயிருக்கும்" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே விம்மினார். அவள் அவர் முதுகைத் தடவினாள். முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது.

"படுபாவிங்க" என்றாள். "நல்லா இருப்பாங்களா அவங்க?"

போன் அடித்தது. எடுத்தவள் முகம் மாறி, அவர் காதில் வைத்தாள். தலைவர்.

"தம்பி, வர்ற திங்கட்கிழமை விழா. முதல் விமானத்தை ஒப்படைக்கிறோம். போட்டோ எடுக்க உள்ள ஒருத்தர் உட்கார்ந்திருந்தா நல்லா இருக்கும்னு மேலிடத்துல பிரியப்படறாங்க. உங்களை விட்டா எங்களுக்கு யார் இருக்கா? அது நிக்கிற விமானம்தான், பயப்பட ஒண்ணும் இல்லை. சும்மா உட்கார்ந்து கையை ஆட்டினாப் போதும்."

"சரிங்கய்யா" என்றார் விமானி. பழக்க தோஷம்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணு. எதுக்கும் இன்னைலேருந்தே சாப்பாட்டை நிறுத்திட்டு வாங்க."

விமானி காதிலிருந்து போனை எடுத்தார். அந்தப் பக்கம் தலைவர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார். அணைக்கக்கூடத் தோன்றாமல் அதை அப்படியே மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு தட்டை மனைவி பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.